ஆய்வகக் கதவு யாருக்குத் திறக்கிறது?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டை நாயுடுபேட்டை மக்கள் தம் வீட்டு மாடியிலிருந்தே காண்கின்றனர். யானாதிப் பழங்குடியினர் வாழ்ந்த அத்தீவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் ஏவப்பட்டது. மேற்கே கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் மாபெரும் ரேடார் இயங்குகிறது. திருப்பதியில் 2015 முதல் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.ஐ.டி.யும் செயல்படுகின்றன. அனைத்தும் மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவை. ஆயினும் இப்பகுதி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. பயிலும் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இவை பெரும்பாலும் செய்தித்தாளில் வரும் பெயர்களாகவே உள்ளன.

இளநிலை மாணவருக்கு ஆய்வு வாய்ப்பே இல்லை என்று கூறிவிட முடியாது. பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் ஆகிய நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாகக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. தேர்வு பெறுவோர் இரண்டு மாதங்கள் ஓர் அறிவியலாளரின் வழிகாட்டலில் பணியாற்றலாம். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை மாணவருக்கென்றே தனித்திட்டம் நடத்துகிறது. மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் அளிக்கிறது. அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கானது.

இவ்வாய்ப்புகளின் அருமையை வரலாறு காட்டுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ்.சந்திரசேகர் 1928 கோடையில் கல்கத்தாவில் சி.வி.ராமனின் ஆய்வகத்தில் இருந்தார். அதே ஆண்டு சென்னை வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைச் சந்தித்துப் புதிய குவாண்டம் இயற்பியலை அறிந்தார். மறு ஆண்டே, பட்டம் பெறுமுன்னர், அவரது கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. 1983இல் நோபல் பரிசு பெற்ற அவரது மேதைமை ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அந்த ஆய்வகக் கதவைத் திறந்தவர் அவருடைய சிற்றப்பாவே. ஆய்வாளர் உறவினராக வாய்க்காத பிள்ளைக்கு அந்தச் சிற்றப்பாவின் இடத்தில் அரசும் பொதுக் கல்வி நிறுவனமும் நிற்க வேண்டும். கோடைக்கால உதவித்தொகைகளின் சமூகப் பொருள் இதுவே.

நடப்பில் அவ்வாறு நிகழ்வதற்குத் தடைகள் பல. கழகங்களின் விண்ணப்பக் காலம் வழக்கமாக ஆண்டின் இறுதி மாதங்களிலேயே வந்து போகிறது; கோடை விடுமுறை நெருங்கும்போது விசாரிப்பவர் ஓராண்டை இழக்கிறார். எந்தத் துறையில், ஏன் ஆய்வு செய்ய விரும்புகிறார் என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தமிழிலோ தெலுங்கிலோ தெளிவாகச் சிந்திக்கும் மாணவர் இங்கே தயங்கி நின்றுவிடுகிறார். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தேவை. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாத கல்லூரியில், ஆண்டுதோறும் மாறும் ஒப்பந்த ஆசிரியர் எந்த மாணவரை அறிந்து பரிந்துரைப்பார்? கோடையில் வேலைக்குச் சென்று குடும்பத்திற்கு உதவ வேண்டியவர், பின்னர் கைக்கு வரும் உதவித்தொகையை நம்பி வெளியூர் புறப்படவும் இயலாது.

கொள்கைகள் இத்தடைகளைக் களையவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் நான்காண்டுப் பட்டப்படிப்பு வரையறை, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவருக்கே இறுதியாண்டு ஆய்வை அனுமதிக்கிறது. ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் பயின்றவரையும் வசதி மிக்க கல்லூரியில் பயின்றவரையும் ஒரே கோலால் அளப்பது சமத்துவமாகாது. 2020-21இல் இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு மட்டுமே. இடங்கள் குறைந்தால், முதலில் வெளியே தள்ளப்படுபவர்கள் ஏழைகளே.

ஆந்திர அரசு 2020இல் பட்டப்படிப்பில் பத்து மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. வழிகாட்டுவோர் இல்லையெனில் அது சான்றிதழ் வாங்கும் சடங்காகவோ, தொழிற்பேட்டைகளுக்குக் கூலியின்றிக் கிடைக்கும் உழைப்பாகவோ சுருங்கிவிடும். கடங்கியிலும் திருப்பதியிலும் உள்ள பொது ஆய்வகங்களில் அப்பயிற்சிக் காலத்தைக் கழிக்க அரசுக் கல்லூரி மாணவருக்கு இடங்கள் ஒதுக்க வேண்டும். உதவித்தொகையும் பயணச் செலவும் முன்கூட்டியே வழங்கப்பட வேண்டும். தாய்மொழியில் விண்ணப்பிக்கும் உரிமை வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். இவை போராட்டக் கோரிக்கைகளாக எழ வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை மாணவர் காத்திருக்க இயலாது. செப்டம்பரிலேயே கல்லூரி வாயிலில் விண்ணப்பத் தேதிகளை எழுதி வைப்பது, நூலகத்தில் மாலை நேர உதவி மையம் அமைப்பது, மாணவர் தாய்மொழியில் எழுதியதை ஆங்கிலமாக்கித் தருவது, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்களை அழைத்து வழிகாட்டச் செய்வது ஆகியவை கிளைகளும் மாணவர் அமைப்புகளும் இவ்வாண்டே தொடங்கக்கூடிய பணிகள். விண்ணப்பம் எழுதுமுன், விரும்பும் ஆய்வாளரின் ஒரு கட்டுரையையேனும் ஆசிரியர் துணையுடன் படித்து, அதில் எழும் ஐயங்களைக் குறித்துக்கொள்ளுமாறு மாணவருக்குக் கூற வேண்டும். விண்ணப்பத்தின் உயிர் அந்த ஐயங்களில்தான் இருக்கிறது. அவற்றை எழுப்பும் ஆற்றல் நாயுடுபேட்டைப் பிள்ளைகளுக்கு உண்டு. குறைவது வழிகாட்டும் கைகளே.