படுக்கையருகுப் பணியை எந்த வரையறையில் தேடுவது?

சர்வதேச செவிலியர் கவுன்சில் 2025 ஜூனில் வெளியிட்ட புதிய வரையறைகளில் வரவேற்கத்தக்கவை பல. ஆரோக்கியத்தை எல்லோருக்குமான உரிமையாகக் கொள்கிறார்கள். செவிலியர் யார் என்பதைக் கல்வியாலும் ஒழுங்குமுறையாலும் உறுதிப்படுத்துகிறார்கள். பதிவே இல்லாதவர்களுக்குச் சீருடை மாட்டிவிடும் மருத்துவமனைகள் உள்ள நாட்டில் இது உடனே பயன்படும். ஆனால் இதே கவுன்சிலுக்காக 1960-இல் அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹெண்டர்சன் எழுதிய சிறுநூலோடு ஒப்பிட்டால் ஒரு குறை உறுத்துகிறது. வலிமையோ மனத்திடமோ அறிவோ இருந்தால் ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடியதை அவருக்குச் செய்துகொடுத்து, விரைவில் பிறர் துணை வேண்டாத நிலைக்கு அவரைக் கொண்டுவருவதே செவிலியரின் தனிப்பணி என்றார் அவர். உணவு, உடல் தூய்மை என அவர் வகுத்த 14 அடிப்படைத் தேவைகளைக் கையில் வைத்துக்கொண்டு, நேற்றிரவு டூட்டியில் எந்த நோயாளிக்கு எது விடுபட்டது என்று கேட்கலாம். புதிய வரையறையை வைத்து அப்படிக் கேட்க வழியில்லை.

ஹெண்டர்சன் தனிமனிதரை மட்டுமே பார்த்தார் என்பார்கள். ஆனால் 1921-இல் படிப்பை முடித்ததும் நியூயார்க்கின் ஹென்றி தெரு சமூகச் செவிலியர் அமைப்பில் வீடுவீடாகச் சென்று பணிபுரிந்தவர் அவர். குணமாகாதவருக்கு ஏது சுயசார்பு என்று கேட்பவர்களுக்கு அவருடைய வரையறையிலேயே விடை உண்டு: அமைதியான மரணத்துக்குத் துணைநிற்பதையும் அவர் அதில் சேர்த்தார், நவீன ஹாஸ்பிஸ்களின் முன்னோடியான லண்டனின் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் 1967-இல் திறக்கப்படும் முன்பே. ஊட்டுவதும் துடைப்பதும் பட்டம் பெற்றவர் செய்யும் வேலையா என்பதுதான் நம்மவர்களிடமிருந்தே வரும் ஆட்சேபம். பக்கவாத நோயாளிக்கு விழுங்கும் திறன் திரும்பிவிட்டதா, ஒரு வாய்க் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமா என்று கணிப்பதற்குப் படிப்பு வேண்டும். குளிப்பாட்டும்போதுதான் முதுகின் அடியில் பெட்சோர் தொடங்குவது கண்ணில் படுகிறது.

நம் அரசு வார்டுகளில் இந்தப் பணிகளை இன்று யார் செய்கிறார்கள்? நோயாளியின் மனைவி அல்லது மகள்; தெரிந்தவர் எவரும் இல்லையென்றால் பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர். ஸ்டாஃப் நர்ஸ் அந்நேரம் மருந்து இன்டெண்ட் எழுதுகிறார், துணிக் கணக்குப் பார்க்கிறார், ஆன்லைன் பதிவு ஏற்றுகிறார். கவனிப்பைப் படிப்படியாகத் திட்டமிட்டுப் பதிவுசெய்யும் நர்சிங் பிராசஸ் என்ற சட்டகத்தையே 1982-இல் கேள்வி கேட்டவர் ஹெண்டர்சன். அனுபவமும் உள்ளுணர்வும் அதில் ஒதுக்கப்படுகின்றன என்று கவலைப்பட்டார். நாமோ கேர் பிளான் படிவம் நிரம்பியிருந்தால் கவனிப்பு நடந்துவிட்டதாக ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம். பயிற்சி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற விதி ஏட்டளவில் கிடக்கிறது. பணியிடங்களை அனுமதிக்கும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணுகிறார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் அவர்கள் கணக்கில் வருவதேயில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பக்கங்களில் இதைச் சொல்லிவருகிறோம், பதில் கடிதம்கூட வந்ததில்லை. இனி புதிய வரையறையின் பரந்த சொற்களைக் காட்டி, அடிப்படைக் கவனிப்பு செவிலியர் பொறுப்பே அல்ல என்று அவர்கள் கைகழுவினால் மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? 1947-ஆம் ஆண்டு இந்திய செவிலியர் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டு தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தின்படி விதிகள் வகுப்பவர்கள், அந்த 14 தேவைகளுக்கும் ஒரு ஷிஃப்டில் ஆகும் நேரத்தை முதலில் அளக்கட்டும். பணியிட எண்ணிக்கையை அதிலிருந்து கணக்கிடட்டும்.