வழக்கு யாருடையது?

மனுவைத் தூக்கிக்கொண்டு போனால், 'கவர்மெண்டு பாத்துக்கும், நீ போய்யா' என்பார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளும் அரசு, பாதியில் வழக்கைக் கைகழுவினால்? நீதிமன்றம் தடுக்குமா?

2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அங்கிருந்த இரண்டு பொறியாளர்கள் மீதும் சிவில் வழக்கு போட்டது. தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள், தட்டிக்கேட்டதும் பழிவாங்கினார்கள் என்பது புகார். எதிர்த்தரப்பு மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இருவர் மீதான வழக்கை அரசே வாபஸ் வாங்கியது. நிறுவனத்தின் மீதானதை அப்போது விடவில்லை. நீதிபதி தடுத்திருக்க முடியாது. விசாரணை தொடங்கும்முன் வாதி வழக்கைக் கைவிட அங்கே யார் அனுமதியும் வேண்டாம்.

இங்கேயும் அதே கதைதான். சிவில் நடைமுறைச் சட்டம், 23ஆம் கட்டளை, 1ஆம் விதி: வாதி எப்போது வேண்டுமானாலும் வழக்கை விட்டுவிடலாம். அதே வழக்கை மறுபடி போடவேண்டுமென்றால்தான் நீதிமன்ற அனுமதி.

சரி, நீதிபதி கையில் அதிகாரம் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? போபாலைப் பாருங்கள். 1985இல் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அத்தனை பேரின் வழக்கையும் மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. தடுக்கவேண்டிய உச்சநீதிமன்றமே அதை உத்தரவாக எழுதியது. செத்தவன் வீட்டை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடியானது.

மனசில்லாத அரசைக் கட்டிப்போட்டு வழக்காட வைத்தாலும் அது தோற்கத்தான் வழக்காடும். ஆகவே நமது கேள்வி வேறு: அந்த வழக்கில் நம்ம ஆளுக்கு இடம் உண்டா?

கலிபோர்னியாச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் தன் சொந்த வக்கீலோடு அரசின் வழக்கில் தரப்பாகச் சேரலாம். இங்கே 1ஆம் கட்டளை, 10ஆம் விதிப்படி நம்மையும் சேர்க்கச் சொல்லி மனு போடலாம். 8ஆம் விதிப்படி ஊர் முழுவதற்குமாக வழக்கு போட்டால், சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுக்காமல் அதைக் கைவிட முடியாது.

சட்டம் படிக்கும் தோழர்களே, இந்த விதிகளைச் சேரிக்குக் கொண்டுபோங்கள். அரசு நமக்காகப் பேசட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வழக்குக் கட்டில் நம் பெயரும் இருக்கவேண்டும். பெயர் இல்லாதவனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.