வழுக்கைத் தலையிலும் லாப வேட்டை!

மறைமலைநகரில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக வேலை பார்க்கும் திருக்கழுக்குன்றத்து வாலிபர் ஒருவர் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார். சம்பள பாக்கியா, வேலைநீக்கமா என்று கேட்டோம். இரண்டும் இல்லையாம். தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினார். வயது இருபத்தாறு. முன்தலை ஏறிவிட்டது என்று இரண்டு இடத்தில் பெண் தர மறுத்துவிட்டார்கள். தவணைக் கடன் வாங்கித் தலையில் ஊசி போட்டுக்கொண்டார். கொடுத்த மாத்திரைகளையும் விழுங்கினார். முடி வரவில்லை. மனச்சோர்வு வந்தது. இன்னொன்றும் வந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டு வாசலைப் பார்த்தார்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிரிப்போர் நம்மிலும் உண்டு. உழைக்கிறவனுக்கு முகம் இல்லையா? மானம் இல்லையா? அந்த மானத்தைக் கிள்ளித்தான் இந்த வியாபாரிகள் காசு பறிக்கிறார்கள்.

அவர் விழுங்கியது பினாஸ்டரைடு மாத்திரை. வயோதிகர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த மருந்து இது. குறைந்த அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் கொடுக்கலாமென்று 1997ல் அமெரிக்கா அனுமதித்தது. பலருக்கு முடி கொட்டுவது குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் சிலருக்கு ஆண்மைக் குறைவும் மனச்சோர்வும் உண்டாகின்றன. தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவே என்று 2025ல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு உறுதி செய்தது. மனம் சோர்ந்தால் மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும் என்று அந்த வாலிபருக்கு யார் சொன்னார்கள்? கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடக்கூடாது. வயிற்றிலுள்ள ஆண் சிசுவுக்கு ஆபத்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத இந்த மருந்தைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

தலையில் தடவும் மினாக்சிடில் என்ற திரவமும் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்ததுதான். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டு தலைக்கு மருந்தாக்கினார்கள். சிலருக்குப் பலன் தருகிறது. ஆனால் தொடங்கிய சில வாரங்களில் முடி அதிகமாகவே கொட்டும். நிறுத்தினால் வளர்ந்ததும் சில மாதங்களில் போய்விடும். ஆக, வாங்குகிறவன் ஆயுள் வாடிக்கை! தலை அரிப்பு உண்டாகலாம்; உடம்பில் அதிகம் சேர்ந்தால் படபடப்பும் மயக்கமும் வரலாம். ஸ்பெயினில் 2019ல் குழந்தைகளின் வயிற்று மருந்தில் தவறுதலாக இது கலந்துவிட்டது. பச்சிளம் குழந்தைகளின் உடம்பெல்லாம் ரோமம் முளைத்தது.

வயல் வேலை செய்யும் நமது சகோதரிகளின் நிலைமை வேறு. பிரசவத்துக்குப் பின்னும், டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பெரும்பாலும் தானே திரும்ப வளரும். அந்த நேரம் பார்த்து எண்ணெய் விற்றவன், தன் எண்ணெயால் வளர்ந்தது என்று மார்தட்டுகிறான். ரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும் கொட்டும் முடிக்கு ரத்தத்தைச் சோதிக்காமல் எண்ணெய் தேய்த்து என்ன பயன்?

பஞ்சாபில் சங்ரூரில் 2025 மார்ச்சில் வழுக்கைக்கு இலவச முகாம் நடத்தினார்கள். தலையில் பூசிய எண்ணெயால் அறுபதுக்கும் மேற்பட்டோர் கண் எரிச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நமது சென்னையிலேயே 2016 மே மாதம், மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் முடி நடும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அந்த நிலையம் வைத்திருந்தது சலூன் லைசென்ஸ் என்பது பிறகு வெளியாயிற்று. டாக்டருக்குப் படித்தவரையே ஏமாற்றியவர்கள் நம்மை விடுவார்களா? யூடியூபில் பார்த்துக் கற்பது பயிற்சி ஆகாது என்று 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் எச்சரிக்க வேண்டியிருந்தது என்றால், நிலைமை எவ்வளவு கேவலம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக மருந்து சொல்லிக்கொள்ளக்கூடாது என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' பட்டியல் உண்டு. வழுக்கை அதில் இருக்கிறது. புதுமுடி வளர்ப்பதும் இருக்கிறது. ஆனால் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை இந்தச் சுவரொட்டிகள் கண்ணில் படாத ஊர் எது? மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பி நிற்கின்றன. நமது மீனவத் தோழர்களும் கல்தச்சர்களும் தினம் பார்க்கும் பூனைதான். மருந்து இன்ஸ்பெக்டர்கள் மட்டும் பார்ப்பதில்லை போலும்!

இந்த விளம்பரங்கள் மீது சர்க்கார் வழக்குப் போட வேண்டும். மருந்துச் சீட்டில் பக்கவிளைவுகளைத் தமிழில் அச்சிட வேண்டும். முடி கொட்டுகிறவர்கள் கடன் வாங்குமுன் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போங்கள். காட்டுவதற்குக் காசு இல்லை.

அந்த வாலிபரை நாமே அங்கு அழைத்துப் போனோம். மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மனநலப் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது கொஞ்சம் தெளிவாகப் பேசுகிறார். கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறார்.