எந்தப் போர்க்கப்பலைக் காண்பது?

கடல் கடந்து செல்லும் வாய்ப்பு நம்மில் ஒரு சிலர்க்கே கிட்டுகின்றது; கிட்டியவர்க்கும் காலமும் பொருளும் அளவுக்கு உட்பட்டனவே. ஆதலின், காணத்தக்கன பலவற்றுள் எதனைக் காண்பது, எதனை விடுப்பது என்று முன்னரே ஆராய்ந்து துணிதல் வேண்டும். காட்சிசாலைகளாகப் பாதுகாக்கப்பட்டு நிற்கும் பெரும்போர்க்கப்பல்களைப் பொறுத்தவரையில் அத்துணிவு எங்ஙனம் அமைதல் நன்று என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

பீரங்கி தாங்கிய கப்பல்கள் யாவும் பெரும்போர்க்கப்பல்கள் ஆகா. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னையின்மேல் குண்டு பொழிந்து, தன் பெயரையே நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாக விட்டுச் சென்ற ‘எம்டன்’, குரூஸர் என்னும் சிறுவகையைச் சேர்ந்தது. அதன் பீரங்கிகளின் வாய் 4 அங்குலத்துக்குச் சிறிதே மிகும். நாம் கூறும் கப்பல்களின் பெரும் பீரங்கிகளோ 12 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை வாயகலம் உடையன. அவற்றிற்கேற்பக் கனத்த எஃகுக் கவசமும் அக்கப்பல்களுக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டில் கடலை ஆண்ட இவ்வகையினுள் இன்று பாதுகாக்கப்பட்டு எஞ்சியிருப்பன ஒன்பதே. அவற்றுள் எட்டு அமெரிக்காவில் உள்ளன. ஒன்று ஜப்பானில் உள்ளது. கடலாட்சிக்குப் பெயர்பெற்ற பிரிட்டனோ ஒன்றையேனும் வைத்துக்கொண்டிலது. அதன் இறுதிப் பெரும்போர்க்கப்பலான ‘வான்கார்டு’ 1960-இல் உடைத்தற்கு அனுப்பப்பட்டது.

இவ்வொன்பதனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கப் புகுவோர் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களைக் கைக்கொள்வர். முதலாவது பருமை. இதனையே கருதுவோர் அயோவா, நியூ ஜெர்ஸி, மிசௌரி, விஸ்கான்ஸின் என்னும் நான்கனுள் ஒன்றை நாடுவர். இவை ஒவ்வொன்றும் 887 அடி நீளமும், 16 அங்குலப் பீரங்கிகள் ஒன்பதும் உடையன. இரண்டாவது, பழமை கெடாதிருத்தல். இதனை விரும்புவோர்க்கு வட கரோலினா, மாஸசூஸெட்ஸ், ஆலபாமா என்பன ஏற்றவை; இரண்டாம் உலக யுத்தகாலத்து அமைப்பினை அவை பெரிதும் இழந்தில. ஆலபாமாவைக் காத்தற்பொருட்டு அம்மாகாணத்துப் பள்ளிச் சிறுவர் சிறு நாணயங்களாகவே ஏறத்தாழ ஓரிலட்சம் டாலர் சேர்த்தளித்தனர் என்பது மாணவர் அறியத்தக்கதொரு செய்தி. 1914-இல் கடற்படையிற் சேர்ந்து இரண்டு உலக யுத்தங்களிலும் தொண்டாற்றிய டெக்ஸாஸும் இவ்வளவுகோலுக்கு உரியதே. மூன்றாவது புகழ். புகழைக் கருதுவோர் அனைவரும் மிசௌரியையே நாடுவர்; 1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஜப்பானின் சரணாகதிப் பத்திரம் கையொப்பமானது அதன் மேல்தளத்திலன்றோ?

இவ்வளவுகோல்களை யாம் பழிக்கின்றிலேம். எனினும், பருமையைக் கண்டு வியப்பவன் வியப்போடு திரும்புகின்றான்; புகழைக் கண்டு மகிழ்பவன் முன்னமே அறிந்ததைக் கண்டு திரும்புகின்றான். எக்கப்பல் காண்பவனைச் சிந்திக்கச் செய்யுமோ அதனையே முதற்கண் காணல் வேண்டும் என்பது எமது துணிபு. அந்நோக்கிற் பார்ப்பின், ஜப்பானில் யோகோஸுகாத் துறையில் நிற்கும் ‘மிகாசா’வே முதலிடம் பெறுதற்குரியது.

மிகாசா இங்கிலாந்தில் பாரோ நகரத்து விக்கர்ஸ் தொழிற்சாலையிற் கட்டப்பெற்று 1900-இல் நீரில் இறக்கப்பட்டது. 1905 மே 27, 28 தேதிகளில் சுஷிமாக் கடலில் ரஷ்யக் கடற்படை அழிந்தபோது, அட்மிரல் டோகோ இதன்மீதிருந்தே தம் படையை நடத்தினார். ரஷ்யருள் 4,000-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஜப்பானியருள் மடிந்தவர் 117 பேர். இத்துணை முழுமையான வெற்றி கடற்போர் வரலாற்றில் அரிது. ஆயின், அதன் பின் நிகழ்ந்தது யாது? செப்டம்பர் 5-ஆம் நாள் சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஒரு வாரம் கழிவதற்குள், ஸஸேபோத் துறைமுகத்தில் நின்ற மிகாசாவின் வெடிமருந்தறை தானே வெடித்துக் கப்பல் மூழ்கியது. அவ்விபத்தில் இறந்தோர் தொகை, சுஷிமாவில் ஜப்பானியப் படை முழுவதும் இழந்த உயிர்களின் இருமடங்கினும் மிக்கது. பகைவர் செய்யமாட்டாததைத் தன் மருந்தே செய்தது. படைக்கலம் தன்னைத் தாங்கியவனையும் அறியாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நிற்க. மூழ்கிய கப்பலை மீட்டுச் செப்பனிட்டனர். 1922-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கையின்படி படையினின்று நீக்கப்பட்டு, 1926-இல் அது வெற்றிச் சின்னமாக நிறுவப்பட்டது. சுஷிமாவின் நினைவு ஜப்பானியத் தலைவர் பலர் உள்ளத்தில், ஒரே பெரும்போரால் கடலை வென்றுவிடலாம் என்னும் நம்பிக்கையை ஊன்றியது. அந்நம்பிக்கையின் வடிவமாக 18 அங்குலப் பீரங்கிகளோடு எழுந்த ‘யமாட்டோ’ 1945 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆகாய விமானங்களால் அழிந்தது. ஐந்து மாதங்களுக்குள், மிகாசா நிற்கும் அதே டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி வந்து நின்றது. வெற்றிச் சின்னம் தன் நாட்டின் தோல்விக்கும் அருகிருந்த சான்றாயிற்று. பின்னர் அதன் பீரங்கிகள் அகற்றப்பட்டன. மேல்தளத்தில் நடனசாலை அமைந்தது. அந்நிலையினின்று அதனை மீட்கத் துணைநின்றோருள் ஒருவர், ஜப்பானை வென்ற அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் ஆவர். அவர் இளமையில் டோகோவை நேரிற் கண்டு மதித்தவர். மிகாசா 1961-இல் மீண்டும் திறக்கப்பெற்றது.

இதற்கு ஒரு தடை கூறலாம். மிகாசா கான்கிரீட்டிற் பதிந்து நிற்கின்றது; கடலில் மிதப்பதன்று. அதன் பெரும் பீரங்கிகள் பழையனவல்ல, போலிகளே. உண்மையான இயந்திர அறைகளைக் காண விழைவோர்க்கு வட கரோலினாவோ மாஸசூஸெட்ஸோ மிகுந்த பயன் தரும். இத்தடை நேர்மையானதே, இயந்திரக் கலை பயிலும் மாணவர் அவ்வாறே செய்க. ஏனையோர்க்கு யாம் கூறும் விடை யாதெனில், மிகாசாவிற் காணும் குறைகளும் அதன் வரலாறே என்பதாம். அகற்றப்பட்ட பீரங்கிக்கு ஈடாக நிற்கும் போலி, அகற்றப்பட்ட காலத்தை நினைவூட்டும் ஆசிரியனாகின்றது.

இரண்டாவதாக ஒன்றையும் காண இயலுமாயின், பேர்ல் துறைமுகத்து மிசௌரியைக் காண்க. 1941-இல் 1,177 பேரோடு அழிந்த அரிஸோனாவின் அருகே அது நிற்கின்றது. யுத்தம் அமெரிக்கருக்குத் தொடங்கிய இடமும் முடிந்த தளமும் ஒரே பார்வையில் அடங்கும். அங்கே சரணாகதி நிகழ்ந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மீளற்க. 1945 ஏப்ரல் 11-ஆம் நாள், தன்னுயிர் ஈந்து மோதிய ஜப்பானிய விமானம் தாக்கிய பக்கத்தையும் பார்க்க. அவ்விமானியின் உடலைக் கடலில் எறிந்துவிடாது, படைவீரனுக்குரிய மரியாதையோடு அடக்கஞ்செய்யுமாறு கப்பற்றலைவர் காலகன் கட்டளையிட்டார். வெல்லும் ஆற்றலினும் வென்றபின் நடக்கும் முறையே ஒருவனை அளக்கும் கோல் என்பதை அவ்விடம் சொல்லாமற் சொல்லும்.

உவர்நீர் எஃகை நாள்தோறும் தின்கின்றது. இக்கப்பல்கள் நிலைத்திருப்பது காண வருவோர் தரும் கட்டணத்தாலும், அன்பர் ஈயும் நன்கொடையாலுமேயாம். எக்கப்பலுக்கு நாம் செல்கின்றோமோ அதன் நினைவை வாழவைக்கின்றோம். ஆகவே, செல்லுமுன் பீரங்கியின் அளவைக் கேளாது, அக்கப்பல் யாரை எதன்பொருட்டுச் சுமந்து சென்றது, யார் திரும்பி வந்திலர் என்று கேட்டறிக. அவ்வினாவோடு செல்பவர்க்கு மிகாசாவின் சிறிய தளமும் போதிய அளவு பெரிதாயிருக்கும்.