அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்

 

மீஞ்சூரை அடுத்த வள்ளூரிலிருந்து சகோதரர் ஒருவர் நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். தந்தையார் மர்ஹூம் அவர்கள் விட்டுச் சென்ற டீசல் அம்பாசிடர் கார் அவருடைய வீட்டில் உள்ளது. வாரம் இருமுறை, சுப்ஹுத் தொழுகை முடிந்ததும், தாயாரைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்ல அந்த வண்டிதான் துணை. சில மாதங்களாக அது காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. பேட்டரி போய்விட்டது என்றார் ஒருவர். புதிய பேட்டரி வாங்கினார். ஒரு மாதத்தில் அதே தொல்லை. ஆல்டர்னேட்டரில் பழுது என்றார் வேறொருவர். அதைக் கழற்றிச் சீர்செய்தார்கள். அதுவும் பயன்படாமற்போக, வேறொன்றே மாற்றினார்கள். பிறகும் ஓரிரவு திரும்பி வருகையில், கண்டெய்னர் லாரிகள் நெருக்கும் மணலிச் சாலையில் முகப்பு விளக்குகள் அகல் விளக்குகளைப் போல் மங்கிவிட்டன. பின்னிருக்கையில் தாயாரை வைத்துக்கொண்டு தாம் பட்ட பாட்டை இறைவனே அறிவான் என்று எழுதி, வண்டியை விற்றுவிடலாமா என்று வினவியிருந்தார்.

விற்க வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள் என்று அவருக்குப் பதில் எழுதினேன். அவருக்கு எழுதியது இத்தகைய வண்டி வைத்திருக்கும் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இம்மாதம் இங்கே விரித்துரைக்கிறேன்.

வள்ளூரில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. அவர் ஊரிலேயே தலா 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்ட 1500 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கே மின்காந்தம் ஒன்று சுழல, அதைச் சூழ்ந்த கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. காரில் உள்ள ஆல்டர்னேட்டரும் அதே வேலையைச் செய்யும் கையடக்கமான மின் நிலையமே. அங்கே நீராவி சுழற்றுகிறது. இங்கே என்ஜினோடு பூட்டிய ஃபேன் பெல்ட் சுழற்றுகிறது. பிறக்கும் மாறுமின்சாரத்தை டையோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. ரெகுலேட்டர் அதை அளவோடு நிறுத்துகிறது. மின் நிலையம் நன்றாக ஓடினாலும் கம்பி பழுதானால் வீட்டில் விளக்கு எரியாதல்லவா? காரிலும் அப்படியே. உற்பத்தி, வழித்தடம், சேமிப்பு என்ற மூன்றில் எது பழுது என்று அறியாமல் பணம் செலவழிப்பது, இருட்டில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும்.

இதற்கு வேண்டியது சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றே. ஒரு பேட்டரி விலையின் சிறு பங்குதான் அதற்கு ஆகும்.

முதல் அளவு: இரவு முழுவதும் ஓய்ந்திருந்த வண்டியில், காலையில் சாவியைத் தொடுமுன் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்கும் கீழே என்றால் ஏறத்தாழக் காலி. டீசல் என்ஜின் காற்றை 20 மடங்குக்கும் மேலாக அழுத்துவதால் அதைச் சுழற்றி எழுப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும். பெட்ரோல் வண்டியை எழுப்பப் போதுமான பேட்டரி டீசல் வண்டிக்குப் போதாது.

இரண்டாம் அளவு: என்ஜினை ஓடவிட்டு, சற்று வேகம் கொடுத்து, அதே இடத்தில் அளவுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். முகப்பு விளக்கு, வைப்பர் முதலியவற்றைப் போட்ட பின்னும் 13-க்குக் கீழே இறங்கலாகாது. ஓய்வில் காட்டிய அளவே ஓடும்போதும் காட்டினால் சார்ஜ் ஏறவே இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, அளவுக்கு மீறி ஏற்றுகிறது என்று பொருள். பேட்டரித் தண்ணீர் விரைவில் வற்றுவதும் பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆவதும் இதற்கு அடையாளம்.

மூன்றாம் அளவைப் பலரும் செய்வதில்லை. என்ஜின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் திருகிலும் மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் உலோக உடலிலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் மின்சாரம் விரயமாகிறது. அந்த வயரும் அதன் முனைகளுமே குற்றவாளிகள்.

இப்போது கருவிப் பலகையில் உள்ள சிறு சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லையென்றால் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரை முதலில் தூண்டும் மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகவே செல்கிறது. பல்பு பியூஸானால் சார்ஜும் நின்றுவிடக் கூடும். பல்பின் விலை சொற்பம். அதைப் பாராமல் ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால், பேட்டரிதானே, வீடுவரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகவே, பழைய வண்டிகள் பல சார்ஜ் இல்லாமலும் நெடுந்தூரம் ஓடி நம்மை ஏமாற்றும். பெட்ரோல் என்ஜினைப் போல டீசல் என்ஜின் தன் உள்ளிழுப்பால் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தராது. அதற்குத் தனியே வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் கார்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில், அதே அச்சில் சுழல்கிறது. ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமன்று, பிரேக் பூஸ்டரின் துணையும் போய்விடும். மிதி கல்லைப் போல் இறுகும். அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும் வண்டியானால் என்ஜினும் கொதிக்கும். ஆகவே, ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்திப் பெல்ட்டைப் பார்த்துவிட்டே நகருங்கள். இத்தகைய பம்பிலிருந்து எண்ணெய் கசிந்து ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்களை நனைத்துச் சார்ஜைக் கெடுப்பதும் உண்டு. அங்கே கசிவை நிறுத்தாமல் பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் பழுது திரும்பி வரும்.

சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், இரவில் யாரோ மின்சாரத்தை உண்ணுகிறார்கள். டீசல் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹீட்டர் பிளக் ரிலேயை. நான்கு பிளக்குகளும் சேர்ந்து 40 ஆம்பியர் அளவுக்கும் இழுக்கக் கூடியவை. ரிலே ஒட்டிக்கொண்டால் ஒரே இரவில் பேட்டரி காலியாகும். கெட்டுப்போன டையோடும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, என்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பது டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடலாம். மேலும் டீசல் என்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும் என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. அளக்கும்போது துப்பட்டா, சட்டைக்கை போன்றவை பெல்ட்டில் சிக்காதவாறு கவனியுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி ஆகா.

வள்ளூர்ச் சகோதரர் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து, மறுமடல் எழுதினார். ஓடும்போது ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியிலோ 13 மட்டுமே. பாசிட்டிவ் பக்கம் குறையில்லை. எர்த் பக்கத்தில் 1.2 வோல்ட் காணாமற்போயிருந்தது. என்ஜினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறி நைந்து, சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் அதே வழிதான். காலையில் எழ மறுத்ததற்கும் அதுவே காரணம். கடற்காற்று வீசும் எண்ணூர்ப் பக்கத்தில் இத்தகைய முனைகள் விரைவில் உப்பேறுவது வியப்பன்று. பட்டையை மாற்றி, முனைகளைச் சுரண்டி இறுக்கினார். பேட்டரியில் 14.1 வந்தது. கழற்றிப் போட்ட பழைய ஆல்டர்னேட்டரில் குற்றமே இருந்ததில்லை என்று இப்போது வருந்துகிறார்.

அம்பாசிடர் தயாரிப்பு உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டோடு நின்றது. நம் திருவள்ளூர் ஆலையில் 1998-இல் தயாராகத் தொடங்கிய மிட்சுபிஷி லான்சரும் இன்று பழைய வண்டியாகிவிட்டது. இவற்றின் டீசல் வகைகளை வைத்திருப்போரில் பலர், புதிது வாங்க வழியின்றி உள்ளதைப் பேணி ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வீண் செலவு என்பது ஒரு மாத மருந்துச் செலவு.

இங்கே மெக்கானிக் சகோதரர்களை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. ஒரு மணி நேரம் சோதித்து, "உங்கள் பேட்டரி நன்றாக இருக்கிறது, இந்த வயரை மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்பவருக்கு நாம் என்ன தருகிறோம்? "வயர் போட்டதற்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். பெரிய பொருளை மாற்றியவருக்கோ மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். இப்படி இருக்கையில் உண்மையைச் சொல்பவர் எப்படிப் பிழைப்பார்? கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு என்பதை நாம் ஏற்க வேண்டும்; மீட்டரில் அளவைக் காட்டிய பிறகே பொருளை மாற்றுவதை அவர்களும் வழக்கமாக்க வேண்டும்.

அளவையிலும் நிறுவையிலும் நீதம் பேணும்படி கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். அந்தக் கட்டளை தராசுக்கும் படிக்கும் மட்டும் உரியதன்று. ஒரு மீட்டரின் முள்ளுக்கும் எண்ணுக்கும் அது பொருந்தும். அடுத்த முறை வண்டி மக்கர் செய்தால், கடைக்குச் செல்லுமுன் அளந்து பாருங்கள். வள்ளூர்த் தாயாரின் உடல்நலத்திற்காகவும் துஆச் செய்யுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.