பில் இல்லாத கல்லுக்கு என்ன விலை?

பழம்பொருள் வாங்கிக் குவிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

துப்பாக்கிக் குண்டு வார்க்கிற பழைய கல் அச்சுகள் அமெரிக்காவில் அடிக்கடி விற்பனைக்கு வருகிற சரக்கு. நம்ம கல்சட்டி மாதிரி மாக்கல்தான். இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் அரை உருண்டைக் குழிகள். சேர்த்துப் பிடித்து, மேல் வாய் வழியாக உருகிய ஈயத்தை ஊற்றினால் குண்டு ரெடி. மாக்கல்லைச் சாதாரணக் கத்தியாலேயே குடையலாம், சூட்டையும் தாங்கும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும். வீட்டு அடுப்பே போதும்.

விற்கிறவரைக் கேட்டால், "சுதந்திரப் போர்க்காலத்து அச்சு சார்" என்பார். ஆதாரம்? கல் பழசா இருக்காம்! அட, கல் எப்பவுமே பழசுதாங்க. குழியை எப்போ குடைந்தார்கள் என்பதுதானே கேள்வி? கார்பன் சோதனை ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான், கல்லுக்கு ஆகாது. எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் வயதைச் சொல்லும். குறிப்பு எதுவும் எழுதாமல் தோண்டி விற்றவர் அந்த சாட்சியை அழித்துவிட்டார். எங்க பி.காம். பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாத என்ட்ரி. எந்த ஆடிட்டரும் ஒத்துக்க மாட்டார்.

வவுச்சர் எப்படி இருக்கணும்? 1776 ஜூலை 9, நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் கவிழ்த்தது. அந்த ஈயம் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில், ஆலிவர் உல்காட் வீட்டில் தோட்டாக்களாக மாறியது. யார் எத்தனை செய்தார்கள் என்ற கணக்கு இன்றும் இருக்கிறது. ரூத் மார்வின் 11,592. உல்காட்டின் மகள்கள் மேரி ஆன் 10,790, லாரா 8,378. மகன் பிரெடரிக், பொடியன், அவன் பங்கு 936. மற்றவர்களையும் சேர்த்து 42,088. கூட்டிப் பார்த்தேன், டேலி ஆகுது!

போர் என்றால் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அதற்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும் உழைத்ததை ஒரு துண்டுக் காகிதம் பேர் போட்டுச் சொல்கிறது. இடம் தெரியாத கல் யாருடைய பேரைச் சொல்லும்?

"நாங்க வாங்கலேன்னா மண்ணுக்குள்ள வீணாப் போகுமே" என்பவர்களுக்கு: கல் மக்காது ஐயா. ஒழுங்காகத் தோண்டுகிறவர் வரும்வரை காத்திருக்கும்.

அடுத்த தடவை யாராவது ஒரு அச்சை நீட்டினால் எத்தனை வருஷப் பழசு என்று கேட்காதீங்க. எங்கே கிடைத்தது என்று கேளுங்க. பதில் வரலையா? பர்ஸை மூடிடுங்க.