தண்ணீர் சுமக்க அனுப்பிய தாய்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுள் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் மூன்று வாரங்களாக நம் மேசைமேல் இருக்கிறது. தம் பெயரையும் குப்பத்தின் பெயரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம். அவருடைய இளைய மகனுக்கு வயது ஏழு. இரண்டு ஆண்டுகளாக மங்கி வந்த பார்வை இப்போது முழுவதுமாகப் போய்விட்டது. சென்னையில் பெரிய மருத்துவர்களிடம் காட்டியாயிற்று. இனித் திரும்புவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். பையன் நாள் முழுவதும் திண்ணையில் அமர்ந்திருக்கிறான். ஞாயிறன்று மட்டும் அன்னை கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே பாடகர் குழுவின் ஆர்மோனியத்தருகே உட்கார்ந்துகொண்டு, ஒருமுறை கேட்ட பாட்டை மறுமுறை பிசகாமல் பாடுகிறானாம்.

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று அரசு நடத்தும் விடுதிப் பள்ளியில் அவனைச் சேர்க்கலாமென்று பங்குத்தந்தை யோசனை கூறியிருக்கிறார். தாய்க்கு மனம் துணியவில்லை. வீட்டைச் சுற்றிலும் தண்ணீர். வாசற்படியைக்கூடத் தாண்ட விடாமல் காக்கும் பிள்ளையை அவ்வளவு தொலைவு எவ்வாறு அனுப்புவது என்று கேட்கிறார்.

இவற்றைவிட, கடிதத்தின் இறுதியில் அவர் எழுதியிருந்த ஒரு வரியே நம்மை உறங்கவிடவில்லை. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் ஒன்று பழவேற்காட்டு மீனவரிடையே உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். தலைக்கட்டு வழியாக வரும் உரிமை அது. "மூத்தவனுக்கு அவன் அப்பாவுக்குப் பின் பாடு உண்டு. இவனுக்கு என்ன பாடு?" என்று எழுதியிருக்கிறார் அந்தத் தாய்.

இதற்கு விடைகூற நாம் வல்லவரல்லோம். ஆனால் இதே வயதுப் பிள்ளையோடு, இதைவிடக் கொடிய வறுமையில், இதே கேள்வியின்முன் நின்ற வேறொரு தாயின் வரலாற்றைப் படித்திருக்கிறோம். அவர் நம் நாட்டவருமல்லர், கத்தோலிக்கருமல்லர். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், பிளாரிடா மாநிலத்துக் கிரீன்வில் என்னும் சிற்றூரில் ஊரார் துணிகளை வெளுத்துப் பிழைத்த கறுப்பின ஏழைப்பெண். பெயர் அரீத்தா ராபின்சன். அவர் மகனைத்தான் உலகம் ரே சார்லஸ் என்று அறியும். தேவாலயப் பாட்டின் உருக்கத்தையும் கறுப்பின மக்களின் துயரப் பாட்டையும் ஒன்றாக்கி, 'சோல்' இசை, அதாவது ஆன்ம இசை, என்று பெயர்பெற்ற புதுவகை இசைக்கு வழிவகுத்தவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் அவர்.

ரே 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் பிறந்தார். தந்தை குடும்பத்தோடு இருந்தவரல்லர். ரேக்கு ஓராண்டு இளைய தம்பி ஒருவன். ஜார்ஜ் என்று பெயர். ரேக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள், தாய் வீட்டினுள்ளே வேலையாயிருக்க, பிள்ளைகள் இருவரும் முற்றத்தில் துணி அலசும் பெருந்தொட்டியருகே விளையாடிக்கொண்டிருந்தனர். தம்பி தொட்டிக்குள் தலைகீழாக விழுந்துவிட்டான். அண்ணன் இழுத்துப் பார்த்தான். ஐந்து வயதுக் கைகளுக்கு வலிமை போதவில்லை. அலறிக்கொண்டு தாயிடம் ஓடினான். அவர் ஓடிவந்து எடுத்தபோது உயிர் பிரிந்திருந்தது.

அதன்பின் அதிக நாள் செல்லவில்லை. ரேயின் கண்களில் சீழ்போல் நீர் கட்டத் தொடங்கியது. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். தொலைவில் உள்ளவை மறைந்தன. பிறகு அருகில் உள்ளவை. கண்ணுள் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைக் கெடுக்கும் நோயாக அது இருந்திருக்கலாம் என்பர். ஏழு வயதில் எல்லாம் இருண்டது. (கண்ணில் சீழோ நீரோ கண்டவுடன் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தும் பெற்றோர் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். குழந்தையின் கண்நோய்கள் பலவற்றை இன்று காலத்தோடு காட்டினால் தடுக்க இயலும்.)

இனி அந்தத் தாய் செய்ததைப் பாருங்கள். ஒரு பிள்ளையைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவர் அவர். எஞ்சிய பிள்ளைக்கோ கண் இல்லை. நாமாயிருந்தால் அவனை முந்தானையில் முடிந்து வைத்திருப்போம். அரீத்தா அம்மையார் அவனைத் தண்ணீர் சுமக்க அனுப்பினார். தரையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தது சரியில்லை என்றால் மறுபடியும் துடைக்கச் சொன்னார். கோடரியைக் கையில் கொடுத்து விறகு பிளக்கக் கற்பித்தார். அக்கம்பக்கத்தார் பழித்தனர்; குருட்டுப் பிள்ளையை வதைக்கிறாள் என்றனர். அவர் கேட்கவில்லை. போனது கண்ணேயன்றி அறிவன்று என்பதே அவர் கட்சி. தாம் என்றும் உடன் இருக்கப்போவதில்லை என்பதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொன்னார். இவையெல்லாம் ரே சார்லஸ் 1978இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் நன்றியோடு நினைவுகூர்ந்தவை.

அன்று அந்த அம்மையார் இரவில் எப்படி உறங்கினார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. பிள்ளை தண்ணீரெடுக்கச் சென்று திரும்பும்வரை அவர் நெஞ்சு எப்பாடு பட்டிருக்கும்! அச்சமில்லாதவர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. அச்சம் தமக்குரியது, பிள்ளைக்குரியதன்று என்று அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார் போலும்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் படிக்கிறோம். இரண்டும் அன்று என்றார் அவர். இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றும் அக்கேள்வியைக் குழாயடியிலும் மீன்சந்தையிலும் கேட்பார் இருக்கின்றனர். கடிதம் எழுதிய சகோதரியின் காதிலும் அது விழுந்திருக்கிறது. திருச்சபையின் மக்கள் அதைத் திரும்பக் கேட்பது தகாது.

பார்வை முற்றும் போன அதே 1937ஆம் ஆண்டில் ரே விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். புனித அகுஸ்தீன் பெயரால் வழங்கும் செயின்ட் அகஸ்டின் நகரில், காதுகேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் அரசு நடத்திய பள்ளி அது. பிள்ளை போகமாட்டேனென்று அழுதான். தாய் இரங்கவில்லை. அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒருபுறம், கறுப்புப் பிள்ளைகளுக்கு மறுபுறம். கண் தெரியாத குழந்தைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைத்த விந்தையை என்னென்பது!

பள்ளி அவருக்குப் பிரெயில் எழுத்தைத் தந்தது. இசைக்குரிய பிரெயில் குறியீட்டையும் தந்தது. இதைப் பயில்வது எளிதன்று. பார்வையுள்ளவர் தாளைப் பார்த்துக்கொண்டே இரு கைகளாலும் பியானோ வாசிப்பர். பார்வையற்றவரோ ஒரு கையால் புள்ளிகளைத் தடவிக்கொண்டு மறுகையால் வாசிக்கவேண்டும். பின்னர் கையை மாற்றிக்கொண்டு அடுத்த கைக்குரியதைப் பயிலவேண்டும். இரண்டையும் நெஞ்சில் நிறுத்திய பின்னரே சேர்த்து வாசிக்க இயலும். இவ்வாறு பயின்றதனால் முழுப் பாடல்களையும் பல கருவிகளுக்குரிய பகுதிகளையும் மனத்திலேயே அமைக்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. பியானோவை அவருக்கு முதன்முதல் அறிமுகம் செய்தவர் பள்ளி ஆசிரியருமல்லர். கிரீன்வில்லில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த வைலி பிட்மன் என்பவர். வாசிப்பைக் கேட்டு ஓடிவரும் சிறுவனை விரட்டாமல் பக்கத்தில் உட்கார்த்தி, ஒரு விரலால் தட்டக் கற்பித்தார். உங்கள் குழுவின் ஆர்மோனியக்காரர் இதைப் படிப்பாராக.

1945இல் தாய் இறந்தார். ரேக்கு வயது பதினான்கு. பள்ளியிலிருந்து அழைத்து வந்தார்கள். அழவும் இயலாமல், உண்ணவும் இயலாமல் கிடந்த பையனை ஊர் மூதாட்டி ஒருவர் தேற்றி எழுப்பினார். பின்னர் அவன் பள்ளிக்குத் திரும்பி நெடுநாள் இருக்கவில்லை. இசையே பிழைப்பாயிற்று. 1948இல், பிளாரிடாவிலிருந்து எவ்வளவு தொலைவில் போகமுடியுமோ அவ்வளவு தொலைவில் உள்ள ஊர் எதுவென்று கேட்டு, நாட்டின் மறுகோடியிலுள்ள சியாட்டில் நகருக்குத் தனியே பயணமானார். தண்ணீர் சுமக்கப் பழகிய கால்கள் அல்லவா?

வாழ்நாளில் மூன்றை அவர் விரும்பி ஏற்கவில்லை என்பர்: கைத்தடி, வழிகாட்டும் நாய், கித்தார். கித்தாரை ஏன் என்று கேட்கத் தோன்றும். அவர் இளமையில், தெருவோரத்தில் கித்தார் மீட்டிப் பாடிக் காசு கேட்கும் குருடர் என்ற உருவம் மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. பொன்னேரியில் மின்சார ரயில் ஏறுவோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பெட்டிதோறும் பாடிச் செல்லும் அந்தச் சகோதரரை நாம் இகழவில்லை, அவர்கள் உழைத்துண்பவர்கள். ஆனால் இசை தெரிந்த பார்வையற்ற பிள்ளைக்கு அது ஒன்றே வழி என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோமே, அதுதான் பிழை.

1954இல் ஒரு கோயிற் பாட்டின் மெட்டையொட்டி உலகியல் காதற்பாட்டு ஒன்றை அவர் பதிவுசெய்தபோது பக்தர்கள் பலர் சினந்தனர். ஆண்டவருக்குரியதை ஆடலரங்குக்குக் கொண்டுபோனான் என்றனர். நம் பங்குகளில் சிலர் சினிமா மெட்டுக்குத் திருப்பாடல் எழுதிப் பாடுகின்றனர். அவர் செய்தது இதற்கு நேர்மாறு. எது பெரிய குற்றம் என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். 1960இல் அவர் பாடிய ஜார்ஜியா மாநிலத்தைப் பற்றிய பாடல், 1979இல் அம்மாநிலத்தின் அரசுப் பாடலாயிற்று. இடையே 1961இல், அதே மாநிலத்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து நடத்தவிருந்த நிகழ்ச்சியில் பாட மறுத்துத் தண்டமும் கட்டியவர் அவர்.

மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். அவருடைய இல்லற வாழ்வு நம் குடும்பங்களுக்கு எடுத்துக்காட்டாகாது. பல ஆண்டுகள் போதைப்பொருளுக்கு அடிமையாயிருந்தார். 1964இல் கைதான பின்னரே மருத்துவம் பெற்று அதிலிருந்து மீண்டார். பதினான்கு வயதில் தாயை இழந்த பிள்ளைக்குத் தாய் கற்பிக்க நேரமில்லாமற்போன பாடங்களும் இருந்தன. 2004ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், எழுபத்துமூன்றாம் வயதில் மறைந்தார்.

அமெரிக்கா தொலைவாயிற்றே என்று நம் சகோதரி எண்ணக்கூடும். நம்மவரிலும் சொல்ல ஒருவர் உண்டு. வயலின் மேதை எம். சந்திரசேகரன் 1937இல் பிறந்து இரண்டாம் வயதிலேயே பார்வையிழந்தவர். அவருக்கு வில்லைக் கையில் கொடுத்துப் பயிற்றிய குரு பெற்ற தாயான சாருபாலா மோகன். 2005இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. இருப்பினும் மகன் பாடகனாக வேண்டுமென்று நாம் சொல்லவரவில்லை. பாட்டு அவனுக்கு உடன் வரும். கணக்கும் எழுத்தும் கணிப்பொறியும் கற்றால் ஆசிரியராகலாம், அலுவலகத்தில் அமரலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்கி, அதில் ஒன்றைப் பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்கும் உரியதாக்கியிருக்கிறது. ஏரியில் இல்லாத பாடு அவனுக்கு அங்கே இருக்கிறது, அம்மா. ஆனால் திண்ணையில் இருந்துகொண்டு அதற்குச் சீட்டெடுக்க முடியாது.

பள்ளி ஜூன் மாதம் திறக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பங்குத்தந்தையைக் கேளுங்கள், வழி சொல்வார். அதுவரை வீட்டிலிருந்து கோயில்வரை அவனைத் தனியே நடக்கவிடுங்கள்; அண்ணன் பத்தடி பின்னால் ஓசைபடாமல் வரட்டும். ஒரு சிறு குடத்தையும் அவன் கையில் கொடுங்கள். சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொள்ள அவனுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால் இன்று மாலையே தொடங்கலாம். விடுதியில் முதல் நாளே அது வேண்டியிருக்கும்.